அண்ணனுக்காக அவன் கட்சியைப் பேசினேன்

என் அருமை ஏகாம்பரம் அண்ணா,

மழை பிடித்துக்கொண்டது. உப்புப் பாத்திகள் எல்லாம் ஒன்றாகக் கலந்து ஏரி போலக் கிடக்கின்றன. கரையில் குவித்திருந்த உப்பை ஓலை போட்டு மூடியாகிவிட்டது. மரக்காணத்துக்கு நீ இல்லாத முதல் மழைக்காலம் இது. ஆனால் நான் அழுதுகொண்டு எழுதவில்லை. நீ வயிறு குலுங்கச் சிரிக்கும்படி ஒரு செய்தி வைத்திருக்கிறேன். இந்த மாத ஆரம்பத்தில் நான் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து அமெரிக்கப் பழமைவாதிகளுக்காக வாதாடினேன். நான்! உன் தங்கை வசந்தா!

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திருப்பிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

மாலினிக்குக் குழந்தை பிறந்தபோது நீ மகளுக்குத் துணையாக ஒஹாயோ போனாய். வெளியே முழங்கால் அளவு பனி. மாப்பிள்ளை வேலைக்குப் போய்விடுவார், மகளும் பேத்தியும் தூங்கிவிடுவார்கள். டிவியில் ஒரு சேனல், அவர்கள் ஊர் நாடாளுமன்றத்தை, அதாவது அமெரிக்க காங்கிரஸை, விடிந்தது முதல் அப்படியே காட்டிக்கொண்டிருந்ததாம். சென்னையில் கப்பல் கம்பெனியில் வேலைக்காலம் முழுக்க இங்கிலீஷ் கடிதம் டைப் அடித்தவன் நீ. ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறாய்.

"வசந்தா, இத்தினி வருஷமா நான் மனசுல வச்சிருந்ததை இங்க ஒருத்தன் எழுந்து நின்னு பேசுறாம்மா" என்று போனில் குதித்தாய்.

உன் மனசில் இருந்தது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. அரசாங்கம் சின்னதாக இருக்க வேண்டும். கடன் வாங்கி நாட்டை நடத்தக்கூடாது. உள்ளூர்க்காரன் செய்யக்கூடிய வேலையில் தலைநகரத்துக்காரன் கை வைக்கக்கூடாது. ஒரு பழைய ஏற்பாட்டைக் கலைப்பதற்கு முன்னால் அதை ஏன் வைத்தார்கள் என்று ஒரு தடவையாவது கேட்க வேண்டும். தையல் மெஷினில் உட்கார்ந்துகொண்டு நான் இதற்கெல்லாம் சண்டை போட்டிருக்கிறேன். ரேஷன் அரிசியும் மழைக்கால உதவித்தொகையும் இல்லாவிட்டால் உப்பளத்துச் சனங்கள் எப்படி அடுப்பு மூட்டுவார்கள் என்று கேட்டிருக்கிறேன். நீ ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. "நல்லா கேக்கறே. இன்னொரு தபா கேளு" என்பாய்.

ஊருக்குத் திரும்பி வந்ததும், நீ குத்தகைக்கு எடுத்திருந்த பாத்திகளின் கரையில், வெள்ளைக் குவியல்களுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டாய். போனை என் கையில் கொடுத்தாய். ஞாயிற்றுக்கிழமை காலை தோறும் அமெரிக்கத் தேர்தலைப் பற்றிப் பேசி யூடியூபில் போட்டாய். எந்தத் தொகுதி யார் கையை விட்டுப் போகும், எந்த மசோதா எந்தக் கமிட்டியில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அக்கக்காகப் பிரித்து வைத்தாய். அங்கே இருக்கிற தமிழர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். இங்கே டீக்கடையில் வேறு மாதிரி பரவியது.

"ஏம்பா ஏகாம்பரம், இந்த வயசுல போயி காங்கிரஸ்ல சேந்துட்டியாமே?"

"அது வேற காங்கிரஸ்பா. அமெரிக்காவுது."

"அவ்ளோ தூரமா கட்சி மாறிட்டே?"

போனைப் பிடித்திருந்த நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. நீ பேசும்போதே, "அப்ப ஏழைங்க இன்னா பண்ணுவாங்க?" என்று பின்னாலிருந்து கேட்டுவிடுவேன். அதையும் வெட்டாமல் அப்படியே போட்டாய். முகம் தெரியாத என் குரலுக்குக் கேட்பவர்கள் 'தங்கச்சி' என்று பேர் வைத்தார்கள்.

சிரிப்பில்லாத ஒன்றும் நடந்தது. மாலினி அங்கே ஏழைக் குழந்தைகளுக்கான ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறாள். மத்திய அரசின் பணத்தில் ஓடுகிற கிளினிக். அது மாதிரிச் செலவையெல்லாம் வாஷிங்டன் செய்யக்கூடாது, அந்தந்த மாநிலமும் ஊரும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ பேசினாய். மகள் அதைப் பார்த்துவிட்டாள். "என் வேலையே போவணும்ங்கிறீங்களாப்பா?" என்று கேட்டாள். நீ பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், "இனிமே நம்ம ரெண்டு பேருக்கு நடுவுல அரசியலே வேணாம்" என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு உங்கள் போன் பேச்சு குழம்பு, குளிர், பேத்தியின் பல் என்று சுருங்கிப்போனது. நீ அதற்குக் கட்டுப்பட்டாய். ஆனால் பேச்சு முடிந்த பிறகும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பாய். நான் கவனித்திருக்கிறேன்.

உன் கடைசி வீடியோவில், நீ ஆதரித்த பழமைவாதக் கட்சியைச் சேர்ந்த ஒருவரையே பிடித்துக்கொண்டாய். மாலினியின் தொகுதி உறுப்பினர் அவர். தலையணை கனத்தில் ஒரு செலவு மசோதா வந்தது. அதில் தன் தொகுதிக்கு ஒரு பாலம் இருக்கிறது என்பதற்காக மற்றதைப் படிக்காமலே ஆதரித்து ஓட்டுப் போட்டுவிட்டார். "பாலம் நல்லதுதான். பாலத்தோட வால்ல கட்டிக்கினு வந்த மத்ததெல்லாம் யார் தலையில விடியும்? சிக்கனம்னு சொல்லி ஓட்டு வாங்கினவர் இவர். நவம்பர்ல தோக்கத்தான் போறார்" என்றாய். உன் ஆட்களே கீழே திட்டி எழுதினார்கள். "கட்சி வேற, கொள்கை வேற" என்று ஒரே வரியில் பதில் போட்டுவிட்டுத் தூங்கப் போனவன், மறுநாள் எழுந்திருக்கவில்லை.

மாலினி வந்தாள், காரியங்களை முடித்தாள், போனாள். நான் தையலுக்குத் திரும்பினேன். அக்டோபரில் உன் சேனலுக்கு விடாமல் செய்தி வர ஆரம்பித்தது. 'அய்யா இல்லாவிட்டால் என்ன, தங்கச்சி பேசட்டும்' என்று ஒருவர். 'அய்யா கணிப்பு பலித்ததா என்று யாராவது சொல்ல வேண்டாமா?' என்று உன்னைத் திட்டி எழுதியவர்களில் ஒருவர்.

நான் மாலினியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "செய்யுங்க அத்தை" என்றாள். கூடவே, "எனக்கு இப்ப அங்க குடியுரிமை வந்திடுச்சு. இதான் என் முதல் ஓட்டு. நானும் சேர்ந்து பேசட்டுமா?" என்று கேட்டாள்.

அங்கே ஓட்டுப்பதிவு முடிந்து எண்ண ஆரம்பிக்கும்போது நமக்கு மறுநாள் விடியற்காலை. உப்பு அள்ள வரும் அந்தோணியம்மாவைப் போன் பிடிக்கக் கூப்பிட்டேன். மழை என்பதால் கொட்டகைக்குள் நாற்காலியைப் போட்டோம். மாலினி இன்னொரு போனில் வீடியோவில் வந்தாள்.

"யக்கா, அங்க மைக் செட்டு, கொடி, தோரணம் ஒண்ணும் கிடையாதா?" என்றாள் அந்தோணியம்மா.

"கிடையாதாம்."

"அப்புறம் எலெக்சன்னு எப்பிடித்தான் தெரியுமாம்?"

இதுவும் ஒளிபரப்பில் போய்விட்டது. நல்ல ஆரம்பம் என்று கேட்டவர்கள் எழுதினார்கள்.

எனக்கு ஒரு பயம் இருந்தது, அண்ணா. உன் இடத்தில் உட்கார்ந்து என் கருத்தைச் சொன்னால் அது உனக்குத் துரோகம். உன் கருத்தைச் சொன்னால் எனக்கே துரோகம். கடைசியில், "நான் இன்னிக்கு எங்க அண்ணன் என்னா சொல்லியிருப்பாரோ அதைச் சொல்றேன். எதிர்த்துக் கேக்கறதுக்கு அவர் பொண்ணு இருக்கு" என்று சொல்லித் தொடங்கினேன். மாலினி முதல் கேள்வியையே நேராக வீசினாள்.

"அத்தை, அப்பா சொன்ன மாதிரி நடந்தா எங்க கிளினிக்கை மூடணும். வர்ற குழந்தைங்க எங்க போவும்? சொல்லுங்க."

எத்தனையோ தடவை நானே உன்னிடம் கேட்ட கேள்வி. நீ சொன்ன பதில்களை எல்லாம் மனசில் துழாவினேன்.

"மூடச் சொல்லலம்மா உங்கப்பா. யாரு நடத்தணும்னு கேட்டார். இந்த உப்பளக் குத்தகையைப் புதுப்பிக்கிறதுக்கு அவர் எவ்ளோ வருஷம் அலைஞ்சார் தெரியுமா? இந்தப் பாத்தியைக் கண்ணால பாக்காத ஒருத்தர் மேசையில காகிதம் கிடக்கும். ஒரு சீசன் முழுக்கத் தண்ணி கட்டாம நிலம் சும்மா கிடந்தது. தூரத்துல இருந்து குடுக்கிறவன் தூரத்துல இருந்தே நிறுத்திடுவான், அப்ப அந்தக் குழந்தைங்களுக்காகச் சண்டை போட பக்கத்துல ஒருத்தன் இருக்க மாட்டான்னு பயந்தார். உன் வேலை போவணும்னு நினைக்கல. உன் வேலை அவ்ளோ தூரத்துக் கையில இருக்குதேன்னு நினைச்சார்."

மாலினி போனைக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"இதை அப்பா எங்கிட்ட சொல்லவே இல்லியே அத்தை."

"நீதான் பேச வேணாம்னுட்டியே கண்ணு."

அவள் மூக்கைச் சிந்தினாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சரி. ஆனா எங்க மாநிலத்துல அந்தப் பணத்தை எடுத்து வைக்க எவனும் தயாரா இல்ல. அப்பா சொல்றது கேக்க நல்லா இருக்குது. குழந்தை அது வரைக்கும் காத்திருக்குமா? நான் ஒத்துக்க மாட்டேன்."

"நானும்தான் ஒத்துக்கல!" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான். அவள் சிரிக்க, நான் சிரிக்க, அந்தோணியம்மா கையில் இருந்த போன் ஆட, கேட்டவர்களுக்குப் பாதி நேரம் கொட்டகைக் கூரைதான் தெரிந்திருக்கும். உன் கட்சிக்கு வாதாட வந்த வக்கீல் இப்படி! ஆனால் அதற்குப் பிறகுதான் பேச்சு சூடு பிடித்தது. அவள் ஒன்று கேட்பாள், நான் உன்னைப் போலவே விரலை மடக்கிப் பதில் சொல்வேன். கடன், எல்லை, மாநில உரிமை, பள்ளிக்கூடம் என்று ஒன்றையும் விடவில்லை. உன் பேச்சில் இத்தனை நியாயம் இருந்தது என்பது எதிரில் உட்கார்ந்து கேட்டபோது எனக்கு ஏன் உறைக்கவில்லை? நீயே பேசினால் எதிர்க்க வேண்டும் என்று தோன்றிவிடுமோ?

மழை விட்டு வெயில் தலைகாட்டும்போது முடிவு வந்தது. பாலத்துக்காரர் ஜெயித்துவிட்டார், அண்ணா. மயிரிழையில்தான், ஆனாலும் ஜெயித்துவிட்டார்.

"அப்பா கணிச்சது தப்பாப்போச்சே" என்றாள் மாலினி. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அப்பா, நீங்க சொன்னது தப்புன்னு ஒரு தடவையாவது மூஞ்சிக்கு நேரா சொல்லணும்னு எவ்ளோ நாள் ஆசை. இப்ப சொல்றதுக்கு ஆள் இல்ல அத்தை."

"சொல்லு. கேமரா ஓடிக்கினுதான் இருக்குது" என்றேன்.

அவள் கேமராவை நேராகப் பார்த்தாள். "அப்பா, நீங்க தப்பு. அந்த ஆள் ஜெயிச்சுட்டார். ஆனா நீங்க திட்டினது சரி. நானும் அந்த மசோதாவைக் கொஞ்சம் படிச்சேன்."

உன்னைத் திட்டிய அந்த ஆள் அதற்குக் கீழே ஒரு கும்பிடு மட்டும் போட்டிருந்தார்.

ஒளிபரப்பை நிறுத்திய பிறகு அவள் யாருக்கு ஓட்டுப் போட்டாள் என்று கேட்டேன். காங்கிரஸ் இடத்துக்கு உன் கட்சியை எதிர்த்து நின்றவருக்குத்தானாம், அது உனக்கே தெரிந்திருக்கும். ஆனால் உள்ளூர் நிர்வாகக் குழுவுக்கு உன் கட்சி ஆள் ஒருவருக்குப் போட்டிருக்கிறாள். வீடு தேடி வந்தவரை வாசலில் நிறுத்திக் கேள்வி மேல் கேள்வி கேட்டாளாம். தெரியாததைத் தெரியாது என்று சொன்னாராம். உனக்கு இது போதாதா?

இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் அவள் என்னைக் கூப்பிடுகிறாள். குழம்பைப் பற்றிப் பேச நேரமே இருப்பதில்லை. புத்தாண்டுக்கே பேத்தியோடு வந்து பொங்கல் வரை இருக்கப்போகிறாள். ஜனவரியில் புதுச் சபை கூடும்போது இங்கிருந்தே பேசலாம் என்கிறாள். வெயில் ஏறினால் அதற்குள் பாத்திகளில் தண்ணீரும் கட்டிவிடுவார்கள்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அண்ணா. நம் ஊர்த் தேர்தலில் என் ஓட்டு என் பக்கம்தான் விழும், அதில் மாற்றம் இல்லை. ஆனால் உன் நாற்காலியில் உட்காரும் வரைக்கும் உன் தரப்பைத் தண்ணீர் கலக்காமல் பேசுவேன். எனக்குப் பிடிக்காத இடத்தில்தான் இன்னும் அழுத்திப் பேசுவேன்.

உன்னோடு இன்றைக்கும் ஒத்துப்போகாத, உன்னைத் தவிர வேறு அண்ணன் இல்லாத
தங்கச்சி வசந்தா
மரக்காணம்