சாரையில் ஒரு குதிகால்

மதினி, பரணில் கிடந்த உன் கொங்காணியை இன்று காலையில் எடுத்து உதறினேன். மழைக்குத் தலையில் போட்டுக்கொண்டு நீ மலையேறிய அதே கோணிச்சாக்கு. இத்தனை வருசம் கழித்தும் அதில் ஏலக்காய் வாசம் போகவில்லை. உன் மகளுக்குக் கொடுக்கத்தான் எடுத்தேன். இதை உன்னிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

நான் முதன்முதல் உன்னோடு ஏலத்தோட்டத்துக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? அடிவாரத்தில் மாடு மேய்த்தவர் நம் கூட்டத்தைப் பார்த்து, “சாரை கெளம்பிருச்சுடோய்” என்றார். எனக்குச் சுருக்கென்றது.

“நம்மள எதுக்கு மதினி எறும்பு மாதிரிச் சொல்றாக?”

நீ சிரித்தாய். “எறும்புக்குச் சொன்ன பேருதேன் தாயி. ஒன்னு போன தடத்த மோந்துக்கிட்டே இன்னொன்னு போகும். பக்கத்துல ஒன்னு வராது. இந்தப் பாதையும் அம்புட்டுத்தேன் அகலம். முன்னால போறவ குதிகாலப் பாத்து நட. திரும்பி மட்டும் பாக்காத, கால் சறுக்கிரும்.”

அன்றிலிருந்து உன் குதிகாலைப் பார்த்தே ஏறி இறங்கினேன். வெடிப்பில் செம்மண் அப்பிய குதிகால். உன் முகத்தைவிட அதுதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மலைக்காய்ச்சலோடு நீ இறங்கிய அன்றும் உனக்குப் பின்னால்தான் வந்தேன். குதிகால் தள்ளாடியது. தாங்கிப் பிடிக்கலாமென்றால் பக்கத்தில் கால் வைக்க இடமில்லை. ஒரு புறம் பாறை, மறுபுறம் பள்ளம். “என்னயப் பிடிக்க வராத, ரெண்டு பேரும் போயிருவோம்” என்றாய். நீ கடைசியாகப் பேசியது அதுதான். பிறகு கம்பில் தூளி கட்டி உன்னைத் தூக்கினார்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். அப்போதும் உன் பக்கத்தில் வர எனக்கு இடமில்லை. அடிவாரத்தில் பாதை அகலமானதும் ஓடிவந்து உன் கையைப் பிடித்தேன். சில்லிட்டிருந்தது.

இப்போது கம்பத்திலிருந்து குமுளிக்கு மோட்டார் பஸ் ஓடுகிறது. ஏலத்தோட்டத்துக் கூலிக்கு அதே கால்பாதைதான். இந்த வருசம் இங்கே வானம் பொய்த்துவிட்டது. கிணற்றில் தண்ணீர் இல்லை, பானையில் தவசம் இல்லை. அண்ணனுக்கும் இங்கே வேலையில்லை. எனக்கு முழங்கால் போய்விட்டது. உன் மகள்தான், “நான் போறேன் அத்தே” என்றாள். வேண்டாமென்று சொல்லிவிட்டு எதை ஆக்கிப் போடுவேன்?

அடிவாரம்வரை கூடப் போனேன். கொங்காணியைப் போட்டுக்கொண்டு சாரையில் சேர்ந்தாள். அதே குதிகால், மதினி. ஒரு தடவையாவது திரும்புவாளென்று கண்ணுக்கு மறையும்வரை நின்றேன். திரும்பவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாதென்று சொல்லிக் கொடுத்து அனுப்பியவள் நான்தான்.