மில்காரருக்குக் கடைசிப் போஸ்ற்

பிள்ளை கஜனி, புது ரான்ஸ்போமர் கனகலிங்கத்தாற்ற மில்லடியில இல்லை, எங்கட ஒழுங்கை நடுவில வரப்போகுது, அதுவும் உன்ர அம்மா போனில கீறின மப்பைப் பாத்து.

நாங்கள் எல்லாரும் நல்ல சுகம், அப்பாவின்ர முழங்கால் நோவும் குறைவு, கண்டாவளையில மழையும் விட்டிட்டுது, நீ கனடாக் குளிரில காதை மூடிக்கொண்டு திரியிறாய் எண்டு நம்பி எழுதிறன். வேலையால வந்து வெறும் பாணோட படுக்கிறேல்லை, சோறு காய்ச்சிச் சாப்பிடு. சரி, விசயத்துக்கு வாறன். நான் பல்ப் போட்டு வளத்த கோழிக்குஞ்செல்லாம் விறைச்சுச் செத்தது உனக்குத் தெரியும்தானே. மில் ஓடிக் கறண்டை இழுக்கத் தொடங்கினா எங்கட பல்ப் மெழுகுதிரி மாதிரித்தான் மினுங்கும், குஞ்சுக்கு எங்கால சூடு. ஊர்ச் சங்கக் கூட்டத்தில நான் இதைக் கேக்க, தலைவர் எண்டு கதிரையில இருந்த கனகலிங்கத்தார், பிள்ளை அருந்ததி, குஞ்சுக்கு ஒரு கம்பளி பின்னிப் போடன் எண்டார். சனம் சிரிச்சுது. நான் அழேல்லை, வீட்ட வந்து போனைத் திறந்தனான்.

நாங்களே இடங்களைக் குறிக்கக்கூடிய மப் ஒண்டை வீடியோ பாத்துப் பழகினன், அது பெரிய பைத்தியமாப் போச்சு, சோறு அடிப்பிடிச்சதும் உண்டு. ஒவ்வொரு கறண்ட் போஸ்ற்றுக்குக் கீழயும் நிண்டு மப்பில புள்ளி வைச்சன், வீடு வீடாப் போய் அப்பாவின்ர மீற்றரால வோல்ரேச் பாத்தன், நல்லா வாற வீடு பச்சை, மங்கிற வீடு சிவப்பு. மில்லைச் சுத்தி மட்டும்தான் பச்சை. அந்தாளின்ர மில்லை மப்பில இருந்து அழிச்சுவிட எனக்குக் கை துடிச்சதுதான், அழிக்கேல்லை. உண்மையான இடத்தில விட்டாலே அந்தாளுக்குக் காணும்.

பிறகு மில்லடியில நிண்ட பழைய ரான்ஸ்போமர் எரிஞ்சுது. புதுசை எங்க வைக்கிறது எண்டு பாக்க கறண்ட் கந்தோரில இருந்து விதுசன் எண்டொரு இஞ்சினியர் தம்பி வந்தவர். கனகலிங்கத்தார் இளநி வெட்டிக் குடுத்து மில்லடியையே காட்டிக்கொண்டு நிண்டார். நான் இடையில போய் போனை நீட்டினன். தம்பி தன்ர மப்பையும் பக்கத்தில வைச்சுப் பாத்தார், அதில எங்கட ஒழுங்கை மதகோட முடியுது, அங்கால முழுக்க வயலாம், மீள்குடியேறிக் கட்டின வீடு ஒண்டுகூட இல்லை. என்னோட ஒழுங்கை முழுக்க நடந்து புள்ளியளைச் சரிபாத்தார். பிறகு சொன்னார், அக்கா, வீடுகள் கனக்க இருக்கிறது ஒழுங்கை நடுவில, அங்கதான் வைக்கோணும் எண்டு. அப்பிடி வைச்சா மில் கடைசிப் போஸ்ற்றில போய் நிக்கும். அப்ப என்ர மோட்டர் என்னெண்டு இழுக்கும் எண்டு கனகலிங்கத்தார் கேட்டார். ஐயா, அதுக்கொரு கம்பளி பின்னிப் போடுங்கோவன் எண்டன். இந்தமுறை சனம் எனக்காகச் சிரிச்சுது.

ஆனா இன்னும் கையெழுத்து விழேல்லை. ஒழுங்கையில பாதி வீடு பூட்டிக் கிடக்கு, பூட்டின வீட்டுக்கு ஏன் கறண்ட் எண்டு அந்தாள் கந்தோருக்கு எழுதிப் போட்டிட்டார். வீட்டுக்காரர் கறண்ட் எடுப்பம் எண்டு வெள்ளிக்கிழமைக்கு முதல் எழுதித் தந்தா அந்த வீடுகளையும் கணக்கில எடுப்பன் எண்டு தம்பி சொல்லியிருக்கிறார். அந்த ஆக்கள் முக்காவாசியும் உங்கட பக்கம்தான் இருக்கினம்.

புளியம்பொக்கணை நாகதம்பிரான் உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டார். மருந்தை மறக்காத. உங்கட கண்டாவளைக் குறூப்பில என்ர மப்பைப் போடு, குறூப்பை நடத்திற கிருபனிட்டச் சொல்லி எல்லாரையும் கூப்பிடு, ஒவ்வொருத்தரும் தங்கட வளவைத் தொட்டு, இது என்ர வீடு, எனக்குக் கறண்ட் வேணும் எண்டு பேரோட எழுதி அனுப்பட்டும். ஒருத்தரையும் விடாத.

உன்ர அம்மா,
அருந்ததி