தந்திக் கருவிக்குக் காவல்

2009 மார்ச், செவ்வாய் இரவு.

மியூசியத்தில் இன்றும் என்னைப் பழைய தந்திக் கருவிக்குப் பக்கத்தில் காவல் நிறுத்தினார்கள். அந்தக் காலத்திலேயே கிரைமியாப் போரின் செய்தி சில மணி நேரத்தில் லண்டனுக்கு வந்துவிட்டதாம். பார்க்க வந்தவர்கள் அந்தக் குறிப்பை வாயைப் பிளந்து வாசித்தார்கள். வேலை நேரத்தில் போன் கூடாதென்று சூப்பர்வைசர் என்னுடையதை வாங்கி லாக்கரில் போட்டுவிட்டான்.

வேலை முடிந்து எடுத்துப் பார்த்தால் சற்றலைட் போன் நம்பரிலிருந்து ஒரு மிஸ்ட் கோல். சண்டை நடக்கும் வன்னிக்குள் அகப்பட்டிருக்கும் தம்பியைத் தவிர வேறு யார்?

"திருப்பி அடியுங்கோவன்," என்றாள் மனைவி.

"அடிச்சனான். அது சனமெல்லாம் வரிசையிலை நிண்டு கதைக்கிற போன். வேறை ஆரோ எடுத்து, தம்பி என்ரை கோலைப் பாத்துக்கொண்டு நிண்டிட்டுப் போயிட்டான் எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டார்."

நாளைக்கும் போனை லாக்கரில் போட்டுவிட்டு, யாருக்கும் எதுவும் அடிக்காத அந்தத் தந்திக்குக் காவல் நிற்க வேண்டும்.