அடுப்பு வரவில்லை, காந்தம் வருகிறது

அபிராமம்
மாசி 19

அன்பு மகள் கார்த்தீஸ்வரிக்கு,

உன் அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், ஓசூரில் உன் சளி விட்டிருக்கும், தலையைக் காயவைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். வெள்ளைப் பசு தை மாதம் கிடேரிக் கன்று போட்டது, இப்போது வீட்டுக்குப் போகப் பால் மிச்சம் இருக்கிறது. மிளகாய் இரண்டாம் பறிப்பு முடிந்து களம் முழுக்கச் சிவப்பாகக் கிடக்கிறது, தும்மாமல் யாரும் நம் தெருவில் போக முடியவில்லை. பெரியய்யாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், தைலம் தேய்க்கச் சொன்னால் டாக்டர் வேண்டாம் என்றார் என்கிறார், எந்த டாக்டர் என்று கேட்டால் துண்டை உதறிக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுகிறார். இந்தக் கடிதத்தை, வத்தல் லோடு ஏற்றி இன்று ராத்திரி கிளம்பி வரும் உன் பெரியம்மா மகன் வினோத்குமார் உன் கையில் தருவான். அடுப்புப் பெட்டி எங்கே அண்ணே என்று நீ கேட்பாய். அவனைக் கேட்காதே, அவனுக்குச் சொல்லத் தெரியாது. அடுப்பு என்னிடம் இருக்கிறது. என்னிடமே இருக்கப் போகிறது. ஏன் என்பதைப் போனில் சொல்ல முடியாது, நம் வீட்டுப் போன் ஹாலில் ஸ்பீக்கரில்தான் பேசும் என்று உனக்குத் தெரியும், அதனால்தான் தாளை எடுத்தேன்.

முதலில் இருந்து சொல்கிறேன். நீ ஹாஸ்டலை விட்டுத் தனி அறைக்குப் போன அன்று ஒரு வீடியோ அனுப்பினாயே. வீட்டுக்கார அக்காவிடம் இரவல் வாங்கிய கரண்டு காயில் அடுப்பைத் தரையில் வைத்து, நீயே பால் காய்ச்சி, அது பொங்கியதும் தனியாகக் கைதட்டிச் சிரித்தாய். ஹாலில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். உன் அய்யா திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். பெரியம்மா, "அடி ஆத்தி, கல்யாணத்துக்கு முன்னாடியே தனிக்குடித்தனம் போயிட்டாளே இவ" என்றாள், எல்லோரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் கொல்லைக்குப் போய் நின்றுகொண்டேன், முகத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று. பெற்ற மகள் மேல் ஒருத்திக்குப் பொறாமை வரும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை. வந்தது. நெஞ்சில் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல வந்தது. நான் இந்த வீட்டுக்குள் வந்தபோது அடுப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. நறுக்குவதும் அரைப்பதும் கழுவுவதும் நான், அடுப்பின் முன் நிற்பது அக்கா, உன் பெரியம்மா. தைப்பொங்கலுக்குப் பாலைப் பொங்கவிடுவதும் அவள்தான், புதிதாக அடுப்படி கட்டியபோது பால் காய்ச்சியதும் அவள்தான், நான் பக்கத்தில் சீனி டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளைக் குறை சொல்லவில்லை, எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்து ஊட்டியிருக்கிறாள். ஆனால் முற்பகலில் ஒரு வாய் டீ குடித்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றினால், "இப்பத்தானடி குடிச்ச" என்பாள், அதோடு அந்த ஆசை முடிந்துவிடும். உனக்கு இருபத்திரண்டு வயதில் நினைத்த நேரத்தில் டீ கிடைக்கிறது. எனக்கு நாற்பத்து நான்கு.

அந்தக் காயில் அடுப்பால் ஃபியூஸ் போய் வீட்டுக்கார அக்கா சத்தம் போட்டார் என்று நீ சொன்ன பிறகு, ஆன்லைனில் எல்லாம் வேண்டாம், கண்ணால் பார்த்து நல்ல இண்டக்‌ஷன் அடுப்பாக வாங்கி அனுப்பலாம் என்று உன் அய்யா என்னை ராமநாதபுரத்துக்குக் கூட்டிப் போனார். கடை வாசலிலேயே அவருக்குத் தெரிந்த ஆள் கிடைத்துவிட்டார், பணத்தை என் கையில் கொடுத்து உள்ளே போகச் சொன்னார். கடையில் கேள்வி கேட்க எனக்கு வராது. பட்டம் வாங்கினேனே தவிர வாய் வாங்கவில்லை. அதனால் மிக்ஸி பார்ப்பதுபோல ஓரமாக நின்று, அடுத்தவர் கேட்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏர்வாடியில் இருந்து ஓர் அம்மா வந்திருந்தார், வாரண்டிக்குப் பேர் சொல்லும்போது சூஃபியா என்றார், என் வயதுதான் இருக்கும். தர்காவுக்கு வந்து பல நாள் தங்கும் குடும்பங்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறவர். அறைக்குள் கேஸ் கூடாது என்று அறைக்கு ஒன்றாக ஒற்றை அடுப்பு வாங்க வந்திருந்தார். பைக்குள் இருந்து ஒரு சட்டியையும் காந்தத்தையும் எடுத்து மேசையில் வைத்து, "தம்பி, காந்தம் ஒட்டுற சட்டிதான் இண்டக்‌ஷன்ல சூடாகும், அது எனக்குத் தெரியும், நீங்க பிளக்கைக் காட்டுங்க, பெரிய பின்னா சின்னப் பின்னா" என்றார். கடைக்காரத் தம்பி இரண்டாயிரம் வாட் அடுப்பைக் காட்டி, சீக்கிரம் கொதிக்கும் என்றான். "கொதிக்கும், கூடவே என் வயரிங்கும் கொதிக்கும், ஆயிரத்து இருநூறு வாட்டு சின்னப் பின்னுல குடுங்க" என்றார். எந்தப் பாத்திரத்தையும் வைக்கலாம் என்று இன்னொன்றைப் போட்டுக் காட்டினான், கண்ணாடிக்குக் கீழே நெருப்பாகப் பழுத்தது. அணைத்த பிறகும் வெகுநேரம் சுடுமே, கட்டிலும் அடுப்பும் ஒரே அறையில் இருக்கும், பிள்ளைகள் கை வைத்துவிடும், வேண்டாம் என்றார். "டச்சும் வேணாம் வாப்பா, மேல தண்ணி பட்டா கிறுக்குப் பிடிச்சிரும், பட்டன் வச்சதாக் குடுங்க" என்றார். கடை முழுக்கக் கேட்கிற குரல். தன் பையைத் திறந்து தன் பணத்தை எடுத்துக் கொடுத்தார், யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் குரலைக் கேட்டும் அந்தப் பையைப் பார்த்தும் எனக்குத் தாங்கவில்லை. அவர் போனதும் கடைக்காரத் தம்பி, "உங்களுக்கும் அதேதானாக்கா" என்று கேட்டான். அதே வேண்டாம் என்றேன். வாட்டும் பின்னும் அவர் சொன்னதுதான், ஆனால் டச் வைத்ததை எடுத்தேன், அவர் வாங்கியதைவிட என்னுடையது அழகாக இருக்கட்டும் என்று ஒரு புத்தி. பார், அப்போதே என்னுடையது என்றுதான் நினைத்திருக்கிறேன்.

வினோத்குமாருக்கு லோடு சேர நாளாயிற்று, பெட்டி எங்கள் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. ஒருநாள் உன் அய்யா களத்துக்குப் போனதும் பிரித்தேன். ஓடுகிறதா என்று பார்த்து அனுப்புவது நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சூடாகிற பாத்திரம் வேண்டுமே. நீ பள்ளிக்கூடத்தில் ராமேஸ்வரம் சுற்றுலா போனபோது வாங்கி வந்து பிரிட்ஜில் ஒட்டினாயே, பாம்பன் பாலம் போட்ட காந்தம், அதைக் கழற்றி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, அக்கா குளிக்கப் போன நேரத்தில் அடுப்படியில் ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தேன். அவள் சீரில் வந்த கனமான பாத்திரங்கள், மதுரையில் வாங்கியது என்று இன்றுவரை சொல்வாளே, அதில் ஒன்றில்கூட ஒட்டவில்லை, பாலம் வழுக்கி வழுக்கி விழுந்தது. அப்புறம் பரணில் ஏறினேன். என் சீரில் வந்த பால் சட்டி அங்கேதான் இருந்தது. அதை வாங்கும்போது என் அய்யா, எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான்தான் என்று, கடைக்காரரிடம் "முருகலட்சுமி பி.ஏ." என்று பேர் வெட்டச் சொன்னார். கல்யாணத்தன்று சீர் பரப்பியபோது அக்கா அதைத் தூக்கிப் பார்த்து, "தகரம் கணக்கா இருக்கு, பி.ஏ. சட்டியில காச்சினா பால் திரியாதோ" என்றாள், சபையே சிரித்தது. அன்றைக்குப் பரண் ஏறியதுதான். அதன் தட்டையான அடியில் காந்தத்தை வைத்ததும் டப்பென்று ஒட்டியது, இழுத்தாலும் வரவில்லை. விலை மட்டமான எவர்சில்வரில்தான் பெரும்பாலும் ஒட்டுமாம், பிறகு வினோத் போனில் பார்த்துச் சொன்னான். பரணிலேயே தூசிக்குள் உட்கார்ந்து சிரித்தேன்.

கதவைச் சாத்திவிட்டு, ஸ்டூலில் அடுப்பை வைத்து, போன் சார்ஜ் போடுகிற பிளக்கில் மாட்டிப் பாலை ஊற்றினேன். முதலில் சின்னச் செம்பை வைத்தபோது கத்திக்கொண்டே இருந்தது, அடி அகலம் போதாவிட்டால் அதற்குப் பாத்திரம் இருப்பதே தெரியாது. சட்டியை வைத்ததும் உள்ளே ஃபேன் ஓடத் தொடங்கியது. சூடு ஏறுகிறதா என்று மட்டும் பார்க்கத்தான் நினைத்தேன். ஆனால் பால் எழும்பி வரும்போது குறைக்கிற கை குறைக்கவில்லை. பொங்கட்டும் என்று விட்டுவிட்டேன். நான் பொங்கவிட்ட முதல் பால் அது. நுரை விளிம்பில் ஒரு நொடி நின்று, என் பேர் மேல் வழிந்து, கண்ணாடியில் பரவி அந்த டச் குறிகள் மேல் ஏறியதும், அடுப்பு கீ கீ என்று கத்திவிட்டு நின்றுபோனது. ஏர்வாடி அம்மா ஜெயித்துவிட்டார். சத்தம் கேட்டு அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "என்னடி முருகு, கட்டிலடியில பொங்க வச்சுக்கிட்டிருக்க" என்றாள். சட்டியைப் பார்த்தாள், பேரைப் பார்த்தாள். "அந்தப் புள்ளைக்கு அனுப்ப வேண்டியத இப்பிடிப் பாலக் கொட்டிப் பழசாக்கிட்டியே, தொடச்சுப் பெட்டியில வையி" என்றாள். சரிக்கா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "இது அவளுக்கு இல்லக்கா, எனக்கு" என்று வந்தது. சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். அவள் சுவரில் மாட்டியிருந்த பிளக்கைப் பார்த்தாள், பிறகு "கரண்டு பில்லு வரட்டும், பேசிக்கிறேன்" என்று போய்விட்டாள்.

இன்று மதியம் வினோத்குமார் லாரியை வாசலில் நிறுத்தி, "சித்தி, அடுப்ப எடுங்க, முன்சீட்டுல வச்சுக்கிறேன்" என்றான். அது போகவில்லை என்றேன். உன் அய்யாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "புள்ளைக்கு வாங்குனதத் தாயே எடுத்து வச்சுக்கிட்டா எப்பிடி, அங்கன அது பன்னத் தின்னுக்கிட்டுக் கெடக்கு" என்றார். அந்தப் பன் என்ற சொல் என்னைச் சுட்டது, பொய் சொல்ல மாட்டேன். உள்ளே போய் அடுப்பைத் துடைத்து, வயரைச் சுற்றி, பெட்டியில் வைத்து, வாசல்வரை தூக்கிக்கொண்டும் வந்துவிட்டேன். வினோத் கையை நீட்டினான். அப்போது நிலையில் சாய்ந்து நின்ற அக்கா, "குடுத்துவிடு முருகு, நமக்கெதுக்கு இதெல்லாம்" என்றாள். நமக்கு என்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். நீயும் நானும் பயப்படுகிற அந்த அதிகார முகம் இல்லை அது. அன்றைக்கு வீடியோ பார்த்துவிட்டுக் கொல்லையில் போய் நான் மறைத்த முகம். அவளுக்கு என் மேல் பொறாமை. இத்தனை வருடம் அடுப்பின் முன்னால் நின்றவள், வீட்டுக்கும் களத்து ஆட்களுக்கும் பானை பானையாகக் காய்ச்சியவள், தனக்கென்று ஒரு டம்ளர் டீ தனியாகப் போட்டிருப்பாளா என்று அப்போதுதான் தோன்றியது. எனக்கு இரக்கம் வந்தது என்று மட்டும் எழுதினால் நீ என்னை நல்லவள் என்று நினைப்பாய். இரக்கம் கொஞ்சம்தான், சந்தோஷம் நிறைய. என்னைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்படுவது எப்படி இருக்கும் என்று இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன். பெட்டியைத் திருப்பிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். "ஏலே, நீ லோடப் பாருடா, அவ தர மாட்டா" என்று அக்கா சொன்னது முதுகுக்குப் பின்னால் கேட்டது. உன் அய்யா கோபத்தோடு களத்துக்குப் போய்விட்டுச் சாயங்காலம்தான் வந்தார். அந்த அடுப்பில் நான் போட்ட டீயை வாங்கிக் குடித்தார்.

நீ கோபப்படுவாய், படு. ஆனால் நீ சம்பாதிக்கிறாய், கடையில் நின்று நாலு கேள்வி கேட்க உனக்கு வரும், உனக்கு நீயே வாங்கிக்கொள். உன் அறையில் சின்னப் பின் பிளக்தான் என்றாய், ஆயிரத்து இருநூறு வாட்டுக்கு மேல் போகாதே, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டவே மாட்டாதே. பட்டன் வைத்ததாக வாங்கு, நான் செய்த தவறை நீ செய்யாதே. துணி மேலும் பேப்பர் மேலும் வைக்காதே, அடியில்தான் அது காற்று இழுக்கிறது, சுவரில் இருந்தும் ஒரு சாண் தள்ளி வை. பாத்திரம் வாங்கும்போது விலையைப் பார்த்து மயங்காமல் அடியைத் தொட்டுப் பார், தட்டையாக இருக்க வேண்டும், காந்தம் ஒட்ட வேண்டும். அதற்காகத்தான் பாம்பன் பாலத்தை இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறேன், கடைக்குப் போகும்போது கையில் கொண்டு போ. வத்தலும் பருப்புப் பொடியும் தனிப் பையில் இருக்கிறது. அடுப்பு வாங்கும்வரை பன்னை மட்டும் தின்னாதே, அந்த வீட்டுக்கார அக்காவிடம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடு, அதற்கு நான் பொறாமைப்பட மாட்டேன். படுவேன், ஆனாலும் சாப்பிடு.

சித்திரையில் லீவுக்கு வரும்போது முற்பகலில் என் அறைக்கு வா, உனக்கு டீ போட்டுத் தருகிறேன். பெரியம்மாவையும் ஒருநாள் கூப்பிடுவேன், இப்போதே இல்லை. எடுத்த வேலையில் நல்ல பேரோடு, உடம்பில் நோய் நொடி இல்லாமல், உன் அறையில் எப்போதும் உன் கையால் பால் பொங்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். ஒன்று மட்டும் மறக்காதே. அடுப்பை அணைத்த பிறகும் உள்ளே ஃபேன் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், அது தானாக நிற்கும்வரை பிளக்கைப் பிடுங்காதே.

இப்படிக்கு
உன் அம்மா
முருகலட்சுமி பி.ஏ.