டாம்சினைக் கேட்டார்கள்

அன்புள்ளவருக்கு,

கப்பலில் குளிர் எப்படி? இங்கே ஹல் நகரில் விடாத மழை. "இந்தப் பிள்ளைகிட்டயும் மனசைப் பறிகொடுத்துடாதே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினீர்கள். அதைப் பற்றி இப்போது எழுதவில்லை.

நகராட்சி நம்மிடம் வளர்க்கக் கொடுத்த டாம்சினை, வெளியூரான லீட்ஸில் வேறொரு குடும்பத்துக்கு அனுப்ப அவர்களே முடிவு செய்திருந்தார்கள். அவள் தம்பியோ இந்த ஊரிலேயே இன்னொரு வீட்டில் வளர்கிறான். நேற்று நம் முன்னறையில் கூட்டம். இப்படிப்பட்ட முடிவுகள் பிள்ளைக்கு நல்லதுதானா என்று தனித்து நின்று பார்க்கும் அதிகாரி திருமதி ஹெஸ்கெத், முன்னதாகவே வந்து டாம்சினோடு பிஸ்கட்டுக்கு மாவு பிசைந்தபடி பேசிக்கொண்டிருந்தார்.

"ஏற்பாடெல்லாம் முடிஞ்சாச்சு மேடம்," என்றார் நகராட்சி மேலாளர்.

"பிள்ளைகிட்ட யாராவது கேட்டீங்களா?" என்றார் ஹெஸ்கெத்.

மேலாளர் கையிலிருந்த கோப்பைப் புரட்டினார்.

"நான் கேட்டேன். தம்பிய விட்டுப் போகமாட்டேங்குறா. இதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். நீங்க மாத்தலேன்னா மேலிடம் வரைக்கும் போவேன்."

மேலாளர் வெளியே போய்த் தொலைபேசியில் பேசிவிட்டு வந்தார். லீட்ஸ் இல்லையென்று ஆகிவிட்டது. தம்பி இனி சனிக்கிழமைதோறும் இங்கே வருவான்.

"பெரியவளாகுற வரைக்கும் நீங்க வச்சுக்குவீங்களா?" என்று ஹெஸ்கெத் என்னிடம் கேட்டார். உங்களைக் கேட்க வேண்டும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "வச்சுக்கிறேன்" என்று வந்துவிட்டது.

பிறகு, கழுவிய பாத்திரங்களையே நெடுநேரம் கழுவிக்கொண்டிருந்தேன். டாம்சின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அவர இனிமேயும் அங்கிள்னுதான் கூப்பிடணுமா? வேற மாதிரி கூப்பிடலாமா?"

"என்கிட்ட ஏன்டி கேக்குற? அவரையே கேளு."

கப்பல் கரைக்கு வரும் அன்று அவளையும் துறைமுகத்துக்கு அழைத்து வருகிறேன். பதிலை யோசித்து வையுங்கள்.

என்றும்
உங்களவள்