வெளியே நிற்பவன் டீ குடிக்கக் கூடாது

நண்பா,

ஆவூரில் உன் வீட்டுக் கொல்லையில் ஒரு பழைய கன்டெய்னர் வந்து இறங்கியிருக்கிறது. போன வாரம் உன் மனைவி செலின் அதன் கதவைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. துரு, ஈரப் பலகை, எந்த நாட்டிலோ ஏற்றிய டயர். உன் அடக்கத்தன்று கல்லாக நின்றவன், டயர் வாசனைக்குக் கண் கலங்கினேன். நீ இருந்திருந்தால் இதை ஊர் முழுக்கச் சொல்லியிருப்பாய்.

பட்டணத்துக் கடலோரச் சரக்கு முனையத்தில் நாம் பார்த்த வேலையை ஊரில் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. லாரியில் வரும் கன்டெய்னர் பெட்டி ரயிலுக்கும், ரயிலில் வரும் பெட்டி கப்பலுக்கும் மாறும். இடையில் காலிப் பெட்டிக்குள் நம்மில் ஒருவன் போய் நிற்பான். மற்றவன் வெளியிலிருந்து கதவைச் சாத்துவான். இருட்டில் எங்காவது வெளிச்சம் புள்ளியாகத் தெரிந்தால் அது ஓட்டை. சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு வெளியே வரவேண்டும். திருமயம் பக்கம் பெண் பார்க்கப் போன வீட்டில் இதை விளக்கினேன். "சம்பளம் வாங்கிக்கிட்டு இருட்டுல நிக்கிறாரா மாப்பிள்ளை?" என்று கேட்டார்கள். அதைவிடச் சரியாக அந்த வேலையை யாரும் சொன்னதில்லை.

உன் பழைய கூட்டாளி டீ குடிக்கப் போன நேரத்தில், நீ உள்ளே இருந்த பெட்டியைக் கிரேன் தூக்கிச் சரக்கு ரயிலில் வைத்துவிட்டது. நீ தட்டிய தட்டில் ரயில் கிளம்பாமல் நின்றது. அதனால்தான் முதல் நாளே என்னிடம் சொன்னாய்: "கதவுக் கம்பியில கை இருக்கணும் மாப்ள. வெளிய நிக்கிறவன் டீ குடிக்கப் போகக்கூடாது, அம்புட்டுத்தான்."

ஒருநாள் உள்ளேயிருந்து உன் குரல் வந்தது. "சர்ச்சுல ஃபாதர்கிட்ட சொல்றதையெல்லாம் இங்க சொல்லிரலாம் போல. யாருக்கும் கேக்காது."

"எனக்குக் கேக்குது" என்றேன்.



இப்போது கொல்லையில் இறங்கியிருக்கும் பெட்டியைத்தான் செலின் தையல்கூடமாக்கப் போகிறாள். முதல் ஆர்டராகப் பள்ளிச் சீருடை கிடைத்திருக்கிறது. மறுநாள் துணிக்கட்டுகள் வருவதாக இருந்தது. மழைக்காலம், கூரை ஒழுகி வெள்ளைத் துணியில் துருக்கறை பட்டால் ஆர்டரும் போகும், அவளை நம்பி வேலைக்கு வரச் சம்மதித்த பெண்களும் போவார்கள்.

வெல்டிங் முத்து ஜன்னல் வெட்டக் கட்டரோடு நின்றான்.

"பொறு தம்பி. ஜன்னல் வச்சா உள்ள வெளிச்சம் வந்துரும், அப்புறம் ஓட்டை தெரியாது. என்னைய உள்ள விட்டுக் கதவைச் சாத்து."

முத்து செலினைப் பார்த்தான். "அக்கா, அண்ணனுக்கு வீட்ல ஏதும் சண்டையா?"

செலின் சிரிக்கவில்லை. நேராக வந்து கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "உள்ள போங்கண்ணே. நான் டீ குடிக்கப் போக மாட்டேன்."

அந்த விதியை உன் வீட்டிலும் ஓதியிருக்கிறாய் என்று அப்போதுதான் தெரிந்தது.

உள்ளே போனேன். கூரை மூலையில் ஒரு புள்ளி, கதவோரம் இன்னொன்று. வட்டம் போட்டேன். முத்து அடைத்து முடித்ததும் மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. நான் கிளம்புமுன் செலின் முந்திக்கொண்டாள். "இப்ப நான் போறேன். நீங்க வெளிய நில்லுங்க."

கதவைச் சாத்தினேன். கம்பியில் கை வைத்தேன். முத்து டீ வாங்கி வந்து நீட்டினான். கீழே வைக்கச் சொன்னேன்.

"அண்ணே! கும்மிருட்டு! ஒண்ணுமே தெரியல!"

கண் தெரியாததற்கு இப்படிச் சந்தோஷப்படும் குரலை உனக்குப் பிறகு இப்போதுதான் கேட்கிறேன்.

ஜன்னல் வைத்தாயிற்று. நேற்று நல்ல மழை. துணி நனையவில்லை, தையல் மிஷின்களின் சத்தம்தான் மழையை விடப் பெரிதாக இருந்தது.

எனக்கு அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. மனைவி ஸ்கேன் அறைக்குள் போனாலும், மகள் இன்டர்வியூவுக்குப் போனாலும் கதவோரம்தான் நிற்கிறேன். டீக்குக் கூப்பிடுகிறவர்கள் என்னைக் கஞ்சன் என்று நினைக்கிறார்கள். நினைக்கட்டும்.

உள்ளே ஆள் இருக்கிறது.