செம்பூரில் கதவு தட்டிய செய்தி

தாராவி, பம்பாய்
16-2-1967

என் கண்ணு தங்கமயிலுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் முருகன் புண்ணியத்தில் சுகம். அங்கே ஈப்போவில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் சொரிமுத்துவும் தலைவலி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, அம்மா மறந்துவிட்டாள் என்று நினைக்காதே, உட்கார நேரமில்லை. போன வைகாசியிலிருந்து உன் அம்மா காலேஜ் பிள்ளை மாதிரி தோளில் பையை மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போகிறாள். சிரிக்காதே. நடுவில் தோற்றுப்போய் நின்றால் வெட்கமாயிருக்குமே என்றுதான் இத்தனை நாளும் உனக்கு எழுதவில்லை, இப்போது எழுதலாம், எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

மாதுங்காவில் மாதர் சங்கத்து மாடியில் சாயங்கால வகுப்பு. வியாபாரத்துக்கான ஆராய்ச்சி முறை என்று பெயர். அதாவது ஒரு சாமானை ஜனங்கள் ஏன் வாங்குகிறார்கள், ஏன் வாங்குவதில்லை என்று வீடு வீடாகப் போய் முறையாகக் கேட்டு எழுதிக் கணக்குப் போட்டுச் சொல்லும் படிப்பு. கம்பெனிக்காரர்கள் அனுப்புகிற ஆண்பிள்ளைகளை வீட்டுப் பெண்கள் உள்ளே விடுவதில்லையாம், அதனால் பெண்களுக்குச் சொல்லித் தருகிறார்கள், பத்தாவது தேறியிருந்தால் போதும். எங்கள் டீச்சர் நூர் நிஷா, காயல்பட்டினத்துக்காரி, உன்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். புத்தகம் இங்கிலீஷில், அவர் பாதி தமிழிலும் பாதி இந்தியிலும் உடைத்துச் சொல்லுவார். முதல் வாரம் எனக்கு ஒன்றும் ஏறவில்லை, கல்யாணத்தோடு மூட்டை கட்டி வைத்த மூளை அல்லவா. அப்புறம் ஒரு நாள் திடீரென்று பிடிபட்டது பார், அன்று பஸ்ஸில் என் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே வந்தேன், பக்கத்தில் இருந்த பார்சிக் கிழவி இடத்தை மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

வகுப்பில் ஆளுக்கு ஒரு நிஜ வியாபாரத்தின் கேள்வியை எடுத்துக்கொண்டு விடை தேடி வர வேண்டும் என்றார்கள். நம் வீட்டிலேயே கேள்வி இருந்தது. அப்பா பலசரக்குக் கடையோடு செம்பூரில் ஒரு பாத்திரக் கடையும் போட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் நயினார் சித்தப்பா ஏற்றிவிட்டது, அவர் பாத்திரம் மொத்த வியாபாரம் செய்கிறாரே, சரக்கு நான் தருகிறேன் என்று சொல்லிச் சொல்லியே அப்பாவைக் கிளப்பிவிட்டிருந்தார். கடைச் சாவிக்குப் பகடி என்று கேட்கிற முன்பணம் கொடுக்க இருப்பதையெல்லாம் திரட்ட வேண்டும், என் கழுத்துச் சங்கிலியும் அதில் சேர்த்தி. அந்தக் கடை படுத்தால் நாங்கள் எழுந்திருக்க முடியாது. அதையே கேள்வியாக எடுக்கிறேன் என்று சொன்னதும் அப்பா சிரித்தார். "ஏளா, தலைமுறை தலைமுறையா கடை வச்ச குடும்பம், எனக்குச் சனங்க மனசு தெரியாதா? வீடு வீடாப் போயி கேட்டாத்தான் தெரியுமோ?" என்றார். ஆனால் போக வேண்டாம் என்று சொல்லவில்லை.

நான் முதலில் செய்த கூத்தைக் கேள். செம்பூரில் நமக்குத் தெரிந்தவர்கள் வீடாகப் பார்த்துப் போய், எங்க வீட்டுக்காரர் இங்கே பாத்திரக் கடை வைக்கப் போகிறார், வாங்குவீர்களா என்று கேட்டேன். எல்லோரும் வாங்குவோம் என்றார்கள், காப்பியும் கொடுத்தார்கள். எனக்கு ஒரே சந்தோஷம், டீச்சரிடம் போய்த் தாள்களை நீட்டினேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "செண்பகம்மா, இவங்க உங்க கேள்விக்குப் பதில் சொல்லல, உங்க முகத்துக்குச் சொல்லியிருக்காங்க. வாசல்ல வந்து நிக்கிறவங்ககிட்ட வாங்க மாட்டேன்னு யாரு சொல்லுவா? நாளைக்கு என்ன செய்வீங்கன்னு கேட்டா எல்லாரும் நல்லதாத்தான் சொல்லுவாங்க. போன தடவை என்ன செஞ்சீங்கன்னு கேளுங்க" என்றார். தெரிந்த வீடும் கூடாதாம், வீடு நம்மைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, நாம் வீட்டைத் தேர்ந்தெடுக்கவும் கூடாது, தெருவில் ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு என்று எண்ணிக்கொண்டே போக வேண்டும், அது யார் வீடாக இருந்தாலும் சரி. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு குதூகலம், இத்தனை வருஷமாக நாம் ஒருவரை ஒருவர் எப்படித் தப்புத் தப்பாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று.

ஆடி மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு மறுபடி போனேன். சயானில் ஏறி, குர்லாவில் வண்டி மாறி, செம்பூரில் இறங்கி, மாடி ஏறி மாடி இறங்கி. கடைசியாக வாங்கிய பாத்திரம் எது, எங்கே வாங்கினீர்கள், காட்டுவீர்களா என்று கேட்டேன். பதில் வர வர எழுதிக்கொண்டே போனேன். யாருமே கடையில் வாங்கவில்லை. அப்புறம் இன்னொரு சங்கடம், எண்ணிப் போகிற வீடுகளில் பாதி பூட்டிக் கிடந்தது. அடுத்த வீட்டில் கேட்டு எழுதிக்கொள்ளலாமே என்று எனக்குத் தோன்றியது, டீச்சர் விடவில்லை. "பூட்டின வீட்டுக்காரங்களும் சாப்பிடத்தான செய்றாங்க? அவங்க வேலைக்குப் போறவங்க. வீட்ல இருக்கிறவங்களை மட்டும் கேட்டா ஊர்ல பாதிப் பேரை விட்டுட்டீங்க" என்றார். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கதவுகளைப் போய்த் தட்டினேன். டெலிபோன் ஆபீசில் இருக்கிறவள், டைப் அடிக்கிறவள், ஸ்கூல் டீச்சர் என்று எல்லோரும் இருந்தார்கள். பாத்திரத்தைப் பற்றிக் கேட்டால் ஒரு வார்த்தையில் முடித்துவிட்டு, மாவு அரைக்கிற கஷ்டத்தைப் பற்றித்தான் பேசினார்கள். நான் கேட்கவே இல்லை, அவர்களாகவே கொட்டினார்கள், நானும் அப்படியே எழுதிக்கொண்டேன்.

இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தவித்தேன். சாப்பாடு போடும்போது சொன்னேன், பாதியில் கையைக் கழுவிவிட்டார். "கடை போடுறதுல உனக்கு இஷ்டமில்ல, அதான் ஒனக்குத் தோதா எழுதிட்டு வந்திருக்க" என்று அவர் சொன்னது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயே நினைத்துப் பார். அழுகை வந்தது, அழவில்லை. "சரி, என்னைய நம்ப வேண்டாம். வார ஞாயித்துக்கிழம நீங்களே வாங்க. தெருவையும் நீங்களே சொல்லுங்க, வீட்டையும் நீங்களே காட்டுங்க. நான் கேக்கும்போது மட்டும் நடுவுல பேசாதிய" என்றேன். இவ்வளவு பேசிவிட்டேனே என்று பிறகு எனக்கே ஆச்சரியம்.

வந்தார். நல்ல மழை. வசதியாகத் தெரிந்த ஒரு கட்டடத்தில், வாசலில் கோலம் போட்டிருந்த முதல் மாடி வீட்டைக் கையைக் காட்டினார். கதவைத் திறந்தவள் பெயர் முருகம்மாள், கோவில்பட்டிப் பக்கம், புருஷனுக்கு எண்ணெய் சுத்திகரிக்கிற ஆலையில் வேலை. நம்மூர்ப் பேச்சைக் கேட்டதும் அப்பாவுக்குக் கட்டுப்படவில்லை, பேச வேண்டாம் என்று நான் சொன்னதையெல்லாம் மறந்து, "இங்கன ஒரு பாத்திரக் கட போடலாம்னு இருக்கேன்" என்று சொல்லிவிட்டார். அவளும், "ஆகட்டும் அண்ணாச்சி, நம்மூர் ஆளு கட போட்டா நாங்க வேற எங்க போவோம்?" என்றாள். அப்பா என்னைப் பார்த்தார் பார், குஸ்தியில் ஜெயித்தவர் மாதிரி. நான் பதறாமல், கடைசியா என்ன பாத்திரம் வாங்கினே தாயீ என்று கேட்டேன். உள்ளே போய்ப் பளபளவென்று ஒரு எவர்சில்வர் தூக்குச் சட்டியை எடுத்து வந்தாள். "இதுக்கு அவுக பழைய பேண்ட்டு ரெண்டும் என் கல்யாணச் சேலையும் போச்சு. பழந்துணிக்குப் பாத்திரம் குடுக்கவ வாரா வாரம் கூடையோட வாசலுக்கே வாராளே, துட்டக் குடுத்துக் கடையில யாரு வாங்குதா? பெரிய பாத்திரம்னா ஊருக்குப் போகும்போது எடுத்துக்கிடுவோம்" என்று சொல்லிச் சிரித்தாள். அப்பா அந்தத் தூக்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து மேல் மாடியில் தொம் தொம் என்று இடிக்கிற சத்தம், அதைக் கேட்டுக் கீழே ஒருவர் மராத்தியில் கத்துகிறார். என்ன தாயீ இது என்றேன். "புட்டுக்கு மாவு இடிக்காவ. ஈர அரிசியக் கொண்டு போனா மாவு அரைக்க சக்கிக்காரன் கல்லு ஒட்டிக்கிடும்னு தொடவே மாட்டேங்கான். காஞ்ச அரிசிய அரைச்சாலும் அதுல கோதுமையும் கம்பும் கலந்து வருது. மிளகா வத்தலக் கொண்டு போனா வாசல்லயே வெரட்டுதான். வீட்ல இடிச்சா கீழ் வீட்டுக்காரன் சண்டைக்கு வாரான்" என்று மூச்சுவிடாமல் சொன்னாள். நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, மாசத்துக்கு எத்தனை தடவை, எவ்வளவு அரிசி, இந்தக் கட்டடத்தில் எத்தனை குடும்பம் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொரு பதிலுக்கும் தலையை ஆட்டினார், ஆட்டினால் அதற்கேற்பத்தான் பதில் வரும், ஆட்டக் கூடாது என்று நான் காலால் இடித்தேன். ஒரு வீட்டை வைத்து முடிவு சொல்லக் கூடாது என்பதுதான் எங்கள் பாடம், ஆனால் உன் அப்பா நம்புவதற்கு அந்த ஒரு வீடு போதுமாயிருந்தது. திரும்பும்போது குர்லா பிளாட்பாரத்தில் எனக்குச் சுடச்சுட படாட்டா வடை வாங்கிக் கொடுத்தார். கல்யாணமாகி இந்நாள் வரைக்கும் ரயிலடியில் எனக்கென்று ஒன்று வாங்கிக் கொடுத்ததில்லை. பிறகு, "நயினார்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்றார், அவ்வளவுதான்.

சித்தப்பா ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை, பொம்பளை பேச்சைக் கேட்டுக் கெட்டான் என்று தாராவி முழுக்கச் சொன்னார். அப்பா அசையவில்லை. கரண்டுக்கும் லைசென்சுக்கும் அலைந்து திரிந்து, தை பிறந்ததும் செம்பூரில் மாவு மில் திறந்தாயிற்று. ஈர அரிசிக்கு ஒரு மெஷின், வத்தல் மல்லிக்குத் தனியாக ஒன்று. காலையில் திறக்கும் முன்பே தூக்கும் டப்பாவுமாகப் பெண்கள் நிற்கிறார்கள், வேலைக்குப் போகிறவர்களுக்காக ராத்திரி எட்டு மணி வரைக்கும் திறந்து வைக்க வேண்டும் என்று சொன்னது நான். இப்போது சித்தி வீட்டு வத்தலும் நம் மில்லுக்குத்தான் வருகிறது, சித்தப்பாவே டாக்ஸியில் அனுப்புகிறார்.

வகுப்பில் என் ஆராய்ச்சியை எல்லோர் முன்னாலும் வாசித்தேன். முதலில் தப்பாகக் கேட்ட தாள்களையும் வாசிக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார், வாசித்தேன், அதற்குத்தான் அதிகம் கை தட்டினார்கள். நீ டீச்சர் டிரெயினிங் சேரலாமா என்று என்னைக் கேட்டிருந்தாய், இத்தனை வயதுக்கு மேலா என்று மாப்பிள்ளை கேட்பதாகவும் எழுதியிருந்தாய். அவரைக் குறை சொல்லாதே, கோபமாகவும் பேசாதே, ஆனால் விண்ணப்பம் போடாமலும் இருக்காதே. பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று முதலில் பார். மழையில் நனையாதே, உனக்குச் சளி பிடித்தால் லேசில் போகாது.

இப்போது பெரிய செய்தி. ஒரு சோப்புக் கம்பெனிக்காகப் பூனாவில் வீடு வீடாகக் கேட்க எங்கள் வகுப்பில் மூன்று பேரை எடுத்திருக்கிறார்கள், அதில் நானும் ஒருத்தி. வருகிற திங்கட்கிழமை புறப்படுகிறோம். சாப்பாட்டுக்கு என்ன செய்வீர்கள் என்று அப்பாவிடம் கேட்டேன், மாதுங்கா மெஸ்ஸில் பார்த்துக்கொள்கிறேன், நீ போய்ட்டு வா என்றார், காலையிலேயே அவருடைய மப்ளரை எடுத்து என் பையில் வைத்துவிட்டார். மராத்தியில் கேட்க வேண்டிய கேள்விகளைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன், அப்பா அடுத்த அறையிலிருந்து திருத்துகிறார், அவர் திருத்துவதும் தப்புத்தான். கதவு திறந்ததும் முதலில் நம் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது இந்தக் கம்பெனி விதி. இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷத்தில் என்னைக் கடைக்கார அண்ணாச்சி வீட்டம்மா என்பார்கள், நீ பிறந்த பிறகு தங்கமயில் அம்மா என்பார்கள். வகுப்பில் சேரும் வரைக்கும் என் பெயரை நானே ஒருவரிடம் சொன்ன ஞாபகமே இல்லை. இப்போது கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்க்கிறேன் தங்கம், சொல்லும்போதே சிரிப்பு வருகிறது.

பேரன் போட்டோவை அனுப்ப மறக்காதே. நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல், நினைத்தது கைகூடி, நீண்ட நாள் வாழ எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

உன் அன்பு அம்மா,
செண்பகவல்லி